சூலியா தெருத் தண்டவாளமும் நான்கு கட்டணச் சீட்டுகளும்



ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அண்மையில் ஓர் எளிய வீட்டுப்பாடம் கொடுத்தேன். வீட்டிற்கு வரும் கட்டணச் சீட்டுகளை, பெற்றோரின் அனுமதியோடு, வகுப்பிற்குக் கொண்டு வர வேண்டும். கூட்டல், கழித்தல், சராசரி ஆகியவற்றை உண்மையான எண்களைக் கொண்டு கற்பிக்கலாம் என்பதே என் நோக்கம். மறுநாள் மேசையில் நான்கு வகைச் சீட்டுகள் சேர்ந்தன: மின்கட்டணம், நீர்க்கட்டணம், கழிவுநீர்க் கட்டணம், மதிப்பீட்டு வரி. கணக்கும் நன்றாகவே நடந்தது. பாடம் முடியும் வேளையில் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், நாலு சீட்டிலயும் நாலு பேரு இருக்கே, விலை கூடுனா நாம யாருகிட்ட கேட்கணும்?" என்றாள்.

அவளுக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நகராட்சி வரலாற்றை எங்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றின் தொகுப்பே இக்கட்டுரை. வழிகாட்டியாக, நம்மவர் பெயரைத் தாங்கி நிற்கும் சூலியா தெருவையே எடுத்துக்கொள்கிறேன்.

தார்ச்சாலைக்குக் கீழே ஒரு தண்டவாளம்

சூலியா தெருவும் பினாங்கு சாலையும் சந்திக்கும் இடத்தில் 2004ஆம் ஆண்டு சாலைப்பணி நடந்தபொழுது, தார்ப்படலத்துக்குக் கீழே இரும்புத் தண்டவாளங்கள் வெளிப்பட்டன. அவை பழைய மின்சார டிராம் வண்டியின் பாதை. அதில் ஒரு பகுதியை மூடிவிடாமல் பாதுகாத்தார்கள். அவ்வழியே செல்லும் பிள்ளைகளிடம் அதைக் காட்டி, "இந்த டிராமை ஓட்டியவர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். ஆங்கிலேயர் என்றோ ஏதோ ஒரு நிறுவனம் என்றோ சொல்வார்கள். 1906இல் தொடங்கிய அந்த மின்சார டிராமை நடத்தியது ஜார்ஜ்டவுன் நகராட்சியே. டிராமுக்கு மின்சாரம் தந்ததும் அதே நகராட்சி. தெரு விளக்கும், குழாய் நீரும், சாக்கடையும், குப்பை வண்டியும் அதன் பொறுப்பில்தான் இருந்தன.

அதாவது, இன்று நான்கு சீட்டுகளில் வரும் பொறுப்புகள் ஒரு காலத்தில் ஒரே கட்டடத்திற்குள் இருந்தன. எஸ்பிளனேட் திடலருகே 1903இல் எழுந்த நகராட்சிக் கட்டடமே அது. பினாங்கில் மின்விளக்கும் மின்விசிறியும் முழுமையாகப் பொருத்தப்பட்ட முதற் கட்டடங்களுள் அதுவும் ஒன்று.

தெருவும் வரியும் நீரும்

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கால் வைத்த பிறகு வகுக்கப்பட்ட முதல் தெருக்களில் ஒன்று சூலியா தெரு. தொடக்கத்தில் அதற்கு மலபார் தெரு என்று பெயர். அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரை மலபார் என்றே அழைத்து வந்தனர். பின்னர், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களைக் குறிக்கும் சூலியா என்னும் பெயர் நிலைத்தது. நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, காரைக்கால் முதலிய துறைமுகங்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். இத்தெருவில் நாகூர் தர்கா ஷெரீப் இருக்கிறது. 1801இல் தொடங்கப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், குயின் தெருவின் மாரியம்மன் கோயிலும் நடந்து செல்லும் தூரத்தில் உள்ளன.

புதிதாக எழுந்த நகரத்துக்கு வடிகால் வேண்டும், சாலை வேண்டும், நல்ல நீர் வேண்டும். இவற்றுக்குப் பணம் யார் தருவது? இக்கேள்விக்கு விடையாக 1800இல் மதிப்பீட்டாளர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. வீடுகளையும் கடைகளையும் மதிப்பிட்டு வரி விதித்து, அந்தப் பணத்தைக் கொண்டு நகரின் சாலைகளையும் வடிகால்களையும் அமைப்பது அதன் பணி. இன்று ஆண்டுக்கு இரு முறை நாம் கட்டும் மதிப்பீட்டு வரியின் மூலத்தை அங்குதான் காண்கிறோம். பெரியவர்கள் இன்றும் அதைக் கதவு வரி என்பார்கள். மலாய் மொழியிலும் அதற்கு அதே பொருள்படும் பெயர் உண்டு.

19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், மலையருவியின் நீரை நகருக்குக் கொண்டு வரச் செங்கல் வாய்க்கால் ஒன்று கட்டப்பட்டது. அதைக் கட்டியவர்கள் கைதிகள். இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் 1790களிலிருந்தே பினாங்குக்குக் கொண்டுவரப்பட்டுச் சாலைப்பணியிலும் வடிகால் பணியிலும் ஈடுபடுத்தப்பட்டனர். வாய்க்கால் எட்டாத இடங்களுக்கு மாட்டு வண்டிகளில் நீர் சென்றது. பர்மா சாலையை ஹொக்கியன் மொழியில் தண்ணீர் வண்டிச் சாலை என்று சொல்வது அதனால்தான். ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் தமிழ்ச் சலவைத் தொழிலாளர் துணி துவைத்த டோபி காட் பகுதி, நம்மவர் நாவில் வண்ணாந்துறையாயிற்று. ஆக, நீரும் வரியும் இந்நகரின் வயதையொத்தவை.

வரி கட்டியவருக்கு வாக்கு

கட்டணத்தைப் பற்றிப் பேசும்பொழுது நாம் பெரும்பாலும் தொகையை மட்டுமே பார்க்கிறோம். அத்தொகையை முடிவு செய்பவர் யார் என்பது அதைவிடப் பழைய கேள்வி.

இதற்கு நம் மூதாதையர் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 1688இல் சென்னை மாநகராட்சி தோன்றியது. அதை நிறுவுமாறு லண்டனிலிருந்து கட்டளையிட்ட கிழக்கிந்தியக் கும்பினியின் இயக்குநர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. கோட்டையிலிருந்து அதிகாரம் செலுத்தி வாங்கும் சிறு தொகையைவிட, தம்மவர் கூடி விதிக்கும் பெருந்தொகையை மக்கள் மனமுவந்து கொடுப்பார்கள் என்பதே அது. ஆனால், நகர மண்டபம், பள்ளி, கழிவுநீர்க் கால்வாய் ஆகியவற்றுக்காக வரி கேட்டபொழுது சென்னை மக்கள் இணங்கவில்லை. பெயருக்கு ஒரு மன்றத்தை அமைத்துவிட்டால் போதாது, அது தம்முடையது என்ற நம்பிக்கை மக்களுக்கு வர வேண்டும் என்பதைக் கும்பினியார் அன்று கற்றிருக்க வேண்டும்.

பினாங்கில் 1857இல் நகராட்சி ஆணையம் அமைந்தது. ஆணையர்களில் சிலரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, குறிப்பிட்ட அளவு வரி செலுத்துவோருக்கு வழங்கப்பட்டது. ஏழைகளுக்கு அதில் இடமில்லை. ஆயினும் வரிக்கும் வாக்குக்கும் உள்ள தொடர்பு ஒப்புக்கொள்ளப்பட்டது. 1913இல் வந்த நகராட்சிச் சட்டம் அந்தச் சிறிய உரிமையையும் எடுத்துவிட்டது. அதன்பின் ஏறத்தாழ 38 ஆண்டுகள், ஆணையர்கள் அனைவரும் நியமனம் பெற்றவர்களாகவே இருந்தனர்.

நகராட்சியே வணிகரான காலம்

இந்த நியமன ஆணையர்களும் பெரிய வேலைகளைச் செய்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. 1904இல் நகராட்சியின் மின்விநியோகம் தொடங்கியது. டிராமுக்குப் பின்னர் 1925இல் டிராலி பேருந்துகள் வந்தன. 1929இல் கில்லமார்ட் நீர்த்தேக்கம் எழுந்தது. 1910இல் தாவரவியல் பூங்காவையே நீர்த்தேக்கமாக்கும் திட்டம் ஒன்று எழுந்து, பூங்கா நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. நல்ல வேளையாக அத்திட்டம் கைவிடப்பட்டு, 1912இல் பூங்கா திரும்பக் கிடைத்தது. இன்று மாணவர்களை நாம் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லும் பூங்கா, ஒரு மன்ற முடிவில் நீருக்குள் போயிருக்க வேண்டியது!

நகராட்சியே விளக்கும் நீரும் விற்பது அன்று உலகெங்கும் பரவிய கருத்து. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மேயராக 1873 முதல் 1876 வரை இருந்த ஜோசப் சேம்பர்லின், தனியார் வசமிருந்த எரிவாயுவையும் நீரையும் நகராட்சியின் உடைமையாக்கினார். எரிவாயுவில் கிடைக்கும் இலாபம் நகர வளர்ச்சிக்குச் செல்லலாம், ஆனால் நீரில் இலாபம் தேடக்கூடாது என்பது அவர் கொண்ட நிலை. ஒரு சேவையின் மிகுதியைக் கொண்டு மற்றொன்றைத் தாங்கலாம் என்னும் இம்முறைக்கு ஓர் அடிப்படை தேவை. எல்லாக் கணக்குகளும் ஒரே மன்றத்தின் முன் வர வேண்டும். ஜார்ஜ்டவுனில் அவ்வடிப்படை இருந்தது. இல்லாதிருந்தது வாக்கு மட்டுமே.

1951 முதல் 1966 வரை

1951 டிசம்பர் 1ஆம் நாள் ஜார்ஜ்டவுனில் தேர்தல் நடைபெற்றது. மலாயாவில் முதன்முதலாக நடைபெற்ற நகராட்சித் தேர்தல் அதுவே. தேர்தலுக்கு விடப்பட்ட 9 இடங்களில் 6 இடங்களை ராடிக்கல் கட்சி வென்றது. சில ஆண்டுகளில் மன்றம் முழுமையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைக் கொண்டதாயிற்று. 1957 ஜனவரி 1ஆம் நாள், நாடு விடுதலை பெறுவதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே, ஜார்ஜ்டவுன் மாநகர் என்னும் தகுதியைப் பெற்றது. மலாயா கூட்டரசில் அத்தகுதியைப் பெற்ற முதல் நகரம் அது.

தொடர்ந்து தொழிற்கட்சி மாநகர் மன்றத்தைக் கைப்பற்றியது. அக்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன் 1958 முதல் 1961 வரை மேயராக இருந்தார். பழைய ஸ்காட் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சாக்கடை வெட்டவும் சாலை போடவும் நகராட்சிகள் தமிழ்த் தொழிலாளர்களைப் பெருமளவில் நம்பியிருந்த நாட்டில், மாநகரின் முதல் இருக்கையில் ஒரு தமிழர் அமர்ந்தது சிறிய செய்தியன்று. அவரை அங்கு அமர்த்தியவர்கள் தமிழர்கள் மட்டுமல்லர் என்பதை நம் மாணவர்களுக்குச் சேர்த்தே சொல்ல வேண்டும். பெரும்பான்மைச் சீனர் வாழும் நகரம் அது.

இம்மன்றத்தின் காலத்தில்தான் ஆயர் ஈத்தாம் அணை கட்டப்பட்டு 1962இல் நிறைவு பெற்றது. இங்குதான் கட்டணமும் கட்டுமானமும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதைத் தெளிவாகக் காண்கிறோம். வாக்காளருக்கு வேண்டியது குறைந்த கட்டணம். வளரும் நகருக்கு வேண்டியது பெரிய அணை. இரண்டையும் ஒரே மன்றம் எடைபோட வேண்டியிருந்தது. தவறான முடிவெடுத்தால் அடுத்த தேர்தலில் மக்களை எதிர்கொள்ள வேண்டும். அதே மன்றம் 1961இல் டிராலி பேருந்துகளை நிறுத்தியது. அந்த முடிவிற்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் யார் என்று சூலியா தெருக் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது.

இதனைப் பொற்காலம் என்று நான் எழுதவில்லை. கட்சிப் பூசல்கள் இருந்தன. நிர்வாகச் சீர்கேடு பற்றிய புகார்கள் எழுந்தன. இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், 1965இல் நாடு முழுவதும் ஊராட்சி மன்றத் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1966இல் மாநகர் மன்றத்தின் பொறுப்புகளை மாநில முதலமைச்சர் ஏற்றுக்கொண்டார்.

ஒன்று நான்கான கதை

தற்காலிகம் என்று நிறுத்தப்பட்ட தேர்தல் திரும்ப வரவில்லை. ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் மேலவை உறுப்பினர் ஆதி நாகப்பன். அவரும் தமிழரே. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அவ்வாணையம் 1968இல் பரிந்துரைத்தது. ஆனால் 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம் நியமன முறையையே நிலைப்படுத்தியது. இன்று பினாங்கு தீவு மாநகர் மன்றத்தில் மேயரோடு 24 உறுப்பினர்கள் உள்ளனர். அவர்கள் அனைவரும் மாநில அரசால் நியமிக்கப்படுபவர்கள்.

வாக்குப் போன அதே காலக்கட்டத்தில் சேவைகளும் ஒவ்வொன்றாகக் கைமாறின. 1973இல் நீர் விநியோகம் மாநில நீர் வாரியத்திடம் சென்றது. 1976இல் மின்சாரம் தேசிய மின்சார வாரியத்திடம் சென்றது. 1990இல் அவ்வாரியத்தின் இடத்திற்குத் தெனாகா நேஷனல் வந்தது. 1990களில் கழிவுநீர்ச் சேவை ஒரு தேசிய நிறுவனத்தின் கைக்குப் போனது. மாநில நீர் வாரியம் 1999இல் நிறுவனமாக்கப்பட்டு, அதன் தாய் நிறுவனம் 2002இல் பங்குச்சந்தைக்கு வந்தது. 2005இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டு, நீர்ச்சேவையில் மத்திய அரசுக்கும் பங்கு கிடைத்தது. அடுத்த ஆண்டின் சட்டத்தால் தேசிய நீர்ச்சேவை ஆணையமும் உருவாயிற்று. மாநகர் மன்றத்திடம் எஞ்சியவை குப்பை, வடிகால், தெரு விளக்கு, சந்தை, உள்ளூர்ச் சாலை, கதவு வரி ஆகியனவே.

இம்மாற்றங்களுக்குக் காரணமே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. ஒரு நகரத்தின் மின்நிலையம் தோட்டப்புறங்களுக்கும் கம்பங்களுக்கும் ஒளி தர இயலாது. அதற்கு நாடு தழுவிய கம்பித்தொடர் வேண்டும். பினாங்கின் குடிநீரில் மிகப் பெரும்பகுதி இன்று மலையருவியிலிருந்து வருவதில்லை. கெடா எல்லையில் ஓடும் மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அதை ஒரு நகர மன்றம் தனித்து நடத்த முடியாது. சேவை பெரிதாக வேண்டுமெனில் அமைப்பும் பெரிதாகத்தான் வேண்டும். ஆனால் அமைப்பு பெரிதாகப் பெரிதாக, கேள்வி கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் இடையே தூரம் கூடுகிறது. அத்தூரத்தைக் குறைக்க வேண்டிய வாக்கும் அதே சமயத்தில் பறிபோனதுதான் நம் இழப்பு.

மலிவான நீரின் விலை

பினாங்கு மக்கள் நீண்ட காலமாக நாட்டிலேயே மிகக் குறைந்த நீர்க்கட்டணம் செலுத்தி வந்தார்கள். இதில் நமக்குப் பெருமை உண்டு. பெருமைப்படவும் காரணம் உண்டு. குழாய்க் கசிவால் வீணாகும் நீரின் அளவைக் குறைவாக வைத்திருக்கும் மாநிலங்களில் ஒன்றாகவும் பினாங்கு பெயர் பெற்றது. ஆயினும், நாள் ஒன்றுக்கு ஒருவர் 270 லிட்டருக்கு மேல் பயன்படுத்துகிறார் என்று கணக்கிடப்பட்ட ஆண்டுகளும் இங்கு உண்டு. மலிவானது எளிதில் வீணாகும். அன்றியும், குழாய்க்கு வயதாவதைக் கட்டணச் சீட்டு காட்டுவதில்லை.

2024 ஜனவரி 10ஆம் நாள் தொடங்கிய நீர்த்தடையை யாரும் மறந்திருக்க மாட்டோம். கசியும் இரண்டு பெரிய வால்வுகளை மாற்றுவதற்காக, பெருநிலத்திலும் தீவிலும் இலட்சக்கணக்கான வீடுகளுக்கு நாட்கணக்கில் நீர் தடைபட்டது. அடுத்த மாதமே, பிப்ரவரி 1 முதல், தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் வீட்டு நீர்க்கட்டணம் கன மீட்டருக்குச் சராசரியாக 22 சென் உயர்ந்தது. கட்டணம் உயர்ந்தது தவறு என்று நான் வாதிடவில்லை. பழைய குழாயை மாற்றப் பணம் எங்கிருந்தாவது வர வேண்டும். அது நம்மிடமிருந்துதான் வரும். ஆனால், எந்தக் குழாய் எப்பொழுது மாறும், எவ்வளவு செலவாகும், இன்று தள்ளிப்போட்டால் நாளை யார் கட்டுவார் என்பவற்றை நம் முன் வைத்து, நம் ஒப்புதலைப் பெற்று முடிவெடுக்கும் ஓர் அவை ஊருக்குள் இல்லை.

பினாங்கு மாநிலம் ஊராட்சித் தேர்தலை மீட்க முயன்றதையும் குறிப்பிட வேண்டும். அதற்கான மாநிலச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. ஆனால் அத்தகைய சட்டம் இயற்றும் அதிகாரம் மாநிலத்திற்கு இல்லை என்று 2014இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015இல் பினாங்கு தீவு முழுவதும் மாநகர் தகுதியைப் பெற்றது. 2023இல் ஏ. இராஜேந்திரன் மேயராகப் பதவியேற்றபொழுது, இராமநாதனுக்குப் பிறகு மீண்டும் ஓர் இந்தியர் அப்பதவிக்கு வந்தார் என்று நாம் மகிழ்ந்தோம். முன்னவர் தேர்தல் வழியே வந்தார், பின்னவர் நியமனத்தால் வந்தார் என்னும் வேறுபாடு அந்த மகிழ்ச்சியில் மறந்துவிட்டது. அது தனி மனிதரின் குறையன்று; முறையின் வேறுபாடு.

அந்த மாணவிக்கு என் விடை

மறுவாரம் அம்மாணவியிடம் நான் இவ்வாறு சொன்னேன்: "மின்கட்டணத்துக்கும் கழிவுநீர்க் கட்டணத்துக்கும் நம் நாடாளுமன்ற உறுப்பினரைக் கேட்க வேண்டும். நீருக்கு அவரையும் சட்டமன்ற உறுப்பினரையும் கேட்க வேண்டும். கதவு வரிக்கும் சாக்கடைக்கும் மாநகர் மன்ற உறுப்பினரைக் கேட்க வேண்டும். அவருக்கு நாம் வாக்களிக்கவில்லை, ஆனாலும் கேட்கலாம்." அவள் சிறிது யோசித்துவிட்டு, "அப்போ நாலு கடிதம் எழுதணுமா டீச்சர்?" என்றாள். வகுப்பு சிரித்தது. ஆனால் கணக்கு சரிதான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடிதம் எழுதும் பயிற்சியில், பிறந்தநாள் வாழ்த்துக்கும் விடுப்புக்கும் அப்பால், அடைபட்ட வடிகாலைப் பற்றி மாநகர் மன்றத்துக்கு ஒரு முறையீட்டுக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். கணிதத்தில் ஆறு மாத நீர்ப் பயன்பாட்டைக் குறிவரைவாக வரையச் சொல்லுங்கள். வரலாற்றில் ஆதி நாகப்பன், இராமநாதன் ஆகிய பெயர்களைச் சொல்லுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. கட்டணச் சீட்டு வந்தவுடன் முணுமுணுத்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். பிள்ளையை அருகில் அமர்த்தி, எவ்வளவு பயன்படுத்தினோம், எந்த விகிதத்தில் கட்டினோம், அப்பணம் எங்குச் செல்கிறது என்று ஐந்து நிமிடம் பேசுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் நீரைச் சேமிக்கும் எண்ணமும், கேள்வி கேட்கும் துணிவும் ஒருங்கே வளரும்.

அடுத்த முறை சூலியா தெருப் பக்கம் சென்றால், பினாங்கு சாலைச் சந்திப்பில் சற்று நின்று அந்தத் தண்டவாளத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒரு காலத்தில் இந்த ஊர், தன் விளக்கையும் நீரையும் வண்டியையும் தானே நடத்தியது என்பதற்கு அது சாட்சி. டிராம் திரும்பி வர வேண்டும் என்பது என் ஆசையன்று. நம் வீட்டுச் சீட்டில் இருக்கும் எண்ணை முடிவு செய்பவரை, நம் பிள்ளைகள் என்றேனும் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

உங்கள் வகுப்பிலும் வீட்டிலும் இதை முயன்று பார்த்துப் பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள்.